தூண் பாறையில் ஊன்றட்டும்: நில அளவையாளர் நாயகத்துக்கு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நில அளவையாளர் நாயகம் அவர்களுக்கும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியலும் பொறியியலும் கற்பிக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் வணக்கம்.

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக வடமராட்சியிலும் தென்மராட்சியிலும் காணி அளந்து ஓய்வுபெற்றவன் நான். வட மாகாணத்தில் இயங்குகின்ற, இனி அமையப்போகின்ற செய்மதி நிலைகாண் (ஜீ.பீ.எஸ். போன்ற) நிலையங்களைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன். களத்தில் நிற்கும் அளவையாளரின் கருவிக்குத் திருத்தம் அனுப்புவது இத்தகைய நிலையங்களின் அன்றாட வேலை. அதே நிலையங்களின் கருவி நிற்கும் தூண்களைப் பாறையில் ஊன்றி, இடம் மாறாமல் காத்து, நிலையங்களின் மூலத் தரவை விநாடிக்கு விநாடி சேமித்து எல்லோருக்கும் திறந்துவிட்டால், இந்து சமுத்திரத்தின் அடியில் பேரதிர்வொன்று நிகழும்போது நிலம் எவ்வளவு அசைந்தது என்று சொல்லக்கூடிய சாட்சிகளில் ஒன்றாக எமது குடாநாடும் இருக்கும். இதையே உங்களிடம் கேட்க விரும்புகிறேன். கேட்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆழிப்பேரலை வந்துபோன சில வாரங்களில், மணற்காட்டுக் கரையில் எல்லை காட்டுவதற்குப் போயிருந்தேன். வேலி இல்லை, எல்லைக்கல் இல்லை, அடையாளம் சொல்ல ஒரு வடலிகூட இல்லை. கையில் காணி உறுதிகளுடன் சனங்கள் வெயிலில் நின்றார்கள். 'கிழக்கு எல்லை கடல்' என்று எழுதப்பட்ட ஓர் உறுதியை வைத்திருந்த தாயொருவர், கருவியின் முக்காலியை நான் மணலில் அழுத்திக்கொண்டிருந்தபோது அருகே வந்து, "ஐயா, பூமியே நகர்ந்திட்டுதெண்டு வானொலியில சொல்லினம், எங்கட காணியும் நகர்ந்திட்டுதோ?" என்று கேட்டார். "இல்லையம்மா, காணி அதே இடத்திலதான் கிடக்கு" என்று உடனே சொன்னேன். அவருடைய எல்லையைப் பொறுத்தவரை அது சரியான பதிலே. அயற்காணியும் தெருவும் தேவாலயமும் சேர்ந்தே நகர்ந்தால் எல்லைகளுக்கு இடையிலான தூரம் மாறாது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் சொன்னது பிழை என்பதைச் சில ஆண்டுகள் கழித்தே அறிந்தேன். அந்த அதிர்வில் தென்னிந்தியாவின் செய்மதி நிலையங்கள் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் அளவு, அதிர்வு நிகழ்ந்த கிழக்குத் திசையை நோக்கி இழுபட்டிருந்தன. அவற்றின் பக்கத்திலேயே கிடக்கும் நாமும் அசையாமல் இருந்திருக்க வழியில்லை.

ஒரு சென்ரிமீற்றர் என்பது சுண்டுவிரலின் அகலம். அதற்கு ஏன் இத்தனை கவலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தச் சுண்டுவிரல் அகலத்தை மறுமுனையிலிருந்து பார்க்க வேண்டும். 2004 டிசம்பர் 26 காலை, எமது அன்றைய நேரப்படி 7 மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவின் வடமேற்கே தொடங்கிய முறிவு, எட்டுப் பத்து நிமிடங்களில் அந்தமான் தீவுகள்வரை ஏறத்தாழ 1,200 கிலோமீற்றருக்கு மேல் ஓடியது. கார் நிக்கோபார் தீவு பல மீற்றர் பக்கவாட்டில் நகர்ந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் தாழ்ந்தது. பெரிய நிக்கோபாரின் தென்முனையிலுள்ள இந்திரா முனை வெளிச்சவீட்டின் அடித்தளம் நான்கு மீற்றருக்கு மேல் தாழ்ந்து கடலுக்குள் நின்றது. வட அந்தமானில் இதற்கு நேர்மாறாக, நிலம் உயர்ந்து பவளப்பாறைகள் நீருக்கு மேலே வந்து வெளிறிப்போயின. முறிவிலிருந்து பல நூறு கிலோமீற்றர் தள்ளியிருக்கும் தாய்லாந்தின் புக்கெட் தீவு 27 சென்ரிமீற்றர் தென்மேற்காக நகர்ந்தது. புக்கெட்டின் 27 சென்ரிமீற்றரும் தென்னிந்தியாவின் ஒரு சென்ரிமீற்றரும் ஒரே முறிவின் இரு அளவீடுகள். கிழக்கேயும் மேற்கேயும் இத்தகைய அளவீடுகள் கிடைக்கும்போதுதான், கடலுக்கடியில் யாரும் பார்க்காத அந்த முறிவு எவ்வளவு நீளமானது, எந்தப் பகுதி எவ்வளவு வழுக்கியது என்பதைக் கணக்கிட முடிகிறது.

அந்தக் காலையில் உலகுக்குத் தெரியாமற்போனதும் இதுதான். அதிர்வு தொடங்கிக் கால் மணி நேரத்தில் பசுபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் வெளியிட்ட முதல் அறிவிப்பில் அதிர்வின் பருமன் 8.0 என்றே இருந்தது. ஏறத்தாழ ஒரு மணி நேரம் கழித்து அது 8.5 ஆனது. 9ஐத் தாண்டியது என்பது தெளிவாவதற்கு மேலும் பல மணி நேரம் சென்றது. பருமனில் ஓர் அலகு கூடினால் வெளிப்படும் சக்தி ஏறத்தாழ 32 மடங்காகும் என்பதைப் பாடசாலைப் பிள்ளைகளும் அறிவார்கள். முதல் கணிப்புக்கும் உண்மைக்கும் இருந்த இடைவெளி அத்தகையது. வடமராட்சியின் கரைக்கு அலை வந்துசேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. தவறு அந்த நிலையத்தில் பணியாற்றியவர்களுடையது என்று நான் நினைக்கவில்லை. பூமியதிர்ச்சிமானி அளப்பது நிலத்தின் நடுக்கத்தை. பத்து நிமிடம் நீளும் மெதுவான பெரும் வழுக்கலில் நடுக்கத்தின் முதற்பகுதியை மட்டும் கொண்டு பருமனைக் கணித்தால், ஒரு எல்லைக்கு மேல் எண் ஏறாமல் நின்றுவிடுகிறது. அதிர்வுக்கு அருகிலுள்ள கருவிகளோ அளவின் எல்லை கடந்து திணறிவிடுகின்றன. நடுக்கத்தின் பதிவிலிருந்து நிரந்தர நகர்வை வருவிக்க முயன்றால், கருவி சற்றுச் சாய்ந்ததனால் வரும் சிறு பிழையும் பெருகிப் பெருகிக் கணக்கையே விழுங்கிவிடுகிறது.

செய்மதிச் சமிக்ஞையைப் பெறும் கருவியான வாங்கிக்கு இந்தத் தடை இல்லை. அது அளப்பது இடத்தை. நிலம் ஒரு சென்ரிமீற்றர் நகர்ந்தாலும் ஐந்து மீற்றர் நகர்ந்தாலும் அதற்கு ஒன்றுதான். 2006இல் ஜெஃப்ரி பிளெவிற் என்பவரின் தலைமையில் ஆய்வாளர்கள் 2004இன் பதிவுகளைத் திரும்ப எடுத்து, அதிர்வு தொடங்கி 15 நிமிடங்கள்வரை கிடைத்த செய்மதித் தரவை மட்டும் கொண்டு கணித்துப் பார்த்தார்கள். அது 9 அளவிலான பேரதிர்வு என்பதை அந்த 15 நிமிடத் தரவிலேயே அறிந்திருக்கலாம் என்பது அவர்கள் கண்ட முடிவு. அவர்கள் பயன்படுத்திய நிலையங்கள் ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் தூரத்துக்குப் பரந்து கிடந்தவை. அவற்றில் பெங்களூரும் ஐதராபாத்தும் உண்டு. அந்தக் கட்டுரையை முதன்முதல் வாசித்தபோது நான் எழுந்து முற்றத்தில் நெடுநேரம் நடந்தேன். தரவு அன்று காலையே இருந்திருக்கிறது. அதை உடனுக்குடன் திரட்டிக் கணிக்கும் ஏற்பாடு மட்டுமே இருக்கவில்லை.

ஆறு ஆண்டுகள் கழித்து ஜப்பானிலும் இதுவே நடந்தது. 2011 மார்ச் 11இல் அந்நாட்டின் வானிலை முகவரகம் மூன்று நிமிடங்களுக்குள் கணித்த பருமன் 7.9, உண்மையான பருமன் 9. அதனால் முதல் எச்சரிக்கையில் மியாகிக் கரைக்கு 6 மீற்றர் அலையும் இவாத்தே, புக்குசிமாக் கரைகளுக்கு 3 மீற்றர் அலையுமே சொல்லப்பட்டன. ஏறத்தாழ 1,200 செய்மதி நிலையங்களை நாடெங்கும் ஊன்றியிருந்த தேசம் அது. ஒசிக்காக் குடாநாட்டிலிருந்த நிலையம் கிழக்கு-தென்கிழக்காக 5.3 மீற்றர் நகர்ந்து 1.2 மீற்றர் தாழ்ந்ததைத் துல்லியமாகப் பதிந்தது. ஆனால் அப்பதிவு எச்சரிக்கை விடுப்போரின் கைக்கு உரிய நேரத்தில் போய்ச்சேரவில்லை. அதன் பின்னரே, நிகழ்நேரச் செய்மதித் தரவைக் கொண்டு சில நிமிடங்களில் பருமனைக் கணிக்கும் முறையை அவர்கள் அமைத்துக்கொண்டார்கள். நில அளவைத் தொழிலில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் அதில் உண்டு: தோக்கியோவிலுள்ள, ஜப்பானின் கிடை அளவைகள் அனைத்துக்கும் மூலமான புள்ளியே ஏறத்தாழ 28 சென்ரிமீற்றர் கிழக்கே போயிருந்தது. அந்நாடு தனது ஆள்கூறுகளைத் திருத்தி வெளியிட நேர்ந்தது.

எமது தீவு புவியோட்டுத் தட்டின் எல்லையில் இல்லை. இந்தியத் தட்டோடு சேர்ந்து, ஆண்டுக்கு ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் வேகத்தில் வடகிழக்காகப் போய்க்கொண்டிருக்கிறோம். யாழ்ப்பாணத்தில் ஒற்றை நிலையம் வைத்தால் சுனாமி எச்சரிக்கை கிடைத்துவிடும் என்று எவராவது சொன்னால் நம்பவேண்டாம். நான் அப்படிச் சொல்லவில்லை. சுமாத்திராவின் அதிர்வு மையம் இங்கிருந்து 1,800 கிலோமீற்றருக்கு மேல் தொலைவில் உள்ளது. அங்கே முறிவு தொடங்கினால் மேற்பரப்பு அலைகளாக நிலத்தில் ஓடிவரும் அதிர்வு ஏறத்தாழ எட்டு நிமிடங்களில் எம்மைக் கடக்கிறது. கடலலை வருவதற்கோ ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அந்த இடைவெளியில், அந்தமான் நிக்கோபாரிலும் சுமாத்திராவிலும் தாய்லாந்திலும் தென்னிந்தியாவிலும் உள்ள நிலையங்களோடு எமது நிலையமும் சேர்ந்து பேசினால் கணக்கு இறுகும். வங்காள விரிகுடாவின் மேற்குப் பக்கத்தில் சாட்சிகள் கூடும். குடாநாட்டின் பங்களிப்பு இதுதான், இதற்கு மேலும் இல்லை, குறைவும் இல்லை.

2012 ஏப்ரல் 11ஐ மறந்திருக்க மாட்டீர்கள். புத்தாண்டுக்கு இரண்டு மூன்று நாட்களே இருந்தன. பிற்பகல் 2 மணி கடந்த வேளையில் சுமாத்திராவுக்கு மேற்கே 8.6 பருமனில் அதிர்வு நிகழ்ந்தது. பருத்தித்துறைக் கடற்கரை வீதியிலிருந்து சனங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடியதை நான் பார்த்தேன். ஓடியது சரியே, இன்னொரு முறையும் ஓடத்தான் வேண்டும். ஆனால் அந்த அதிர்வில் கடலடி நிலம் மேலே எழவில்லை, பக்கவாட்டில் வழுக்கியது. ஆகவே பெரிய அலை எழவில்லை. நிலம் எந்தத் திசையில் நகர்ந்தது என்பதைச் செய்மதி நிலையங்கள் நேரடியாகவே காட்டும். வருவது எத்தகைய அதிர்வு என்பதை விரைந்து தெளிவதற்கும், வீணான மணி நேரங்களைச் சனங்கள் வீதியில் கழிக்காமல் இருப்பதற்கும் அது உதவும்.

இனி, எப்படி அளக்கிறோம் என்பதைச் சொன்னால்தான் நான் தூணைப் பற்றி ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்பது விளங்கும். ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்தில், விநாடிக்கு நான்கு கிலோமீற்றர் வேகத்தில் பறக்கும் செய்மதி அனுப்பும் வானொலி அலை ஒன்றின் நீளம் ஏறத்தாழ 19 சென்ரிமீற்றர். அந்த அலையின் ஏற்ற இறக்கத்தில் நாம் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பதை அலைநீளத்தின் நூறில் ஒரு பங்குவரை வாங்கி அளக்கிறது. அது இரண்டு மில்லிமீற்றர். கைத்தொலைபேசி காட்டும் இடத்துக்கும் இதற்கும் உள்ள தூரம், கண் மதிப்புக்கும் சங்கிலி அளவைக்கும் உள்ள தூரம். வளிமண்டலத்தின் உயரே மின்னேற்றம் கொண்ட அடுக்கான அயனமண்டலம் செய்யும் தாமதத்தை இரண்டு அதிர்வெண்களை ஒப்பிட்டு நீக்குகிறார்கள். காற்றிலுள்ள நீராவியின் தாமதத்தைக் கணித்து நீக்குகிறார்கள். ஒரு நாள் முழுவதன் தரவையும் சேர்த்துக் கணித்தால் கிடைநிலையில் சில மில்லிமீற்றர்வரை இடம் தெளியும். உயரத்தில் பிழை அதைப்போல் இரண்டு மூன்று மடங்கு.

இரண்டு மில்லிமீற்றரை அளக்கும் கருவியை எதன்மேல் வைக்கிறோம்? இதைத்தான் நான் மீண்டும் மீண்டும் கேட்கிறேன். ஒரு முறை அலுவலகம் ஒன்றின் மொட்டைமாடியில் ஊன்றிய வாங்கியின் பதிவுகளைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. காலையில் ஓரிடம், உச்சி வெயிலில் இன்னோரிடம், இரவில் திரும்பவும் பழைய இடம் என்று ஒவ்வொரு நாளும் அது ஊசலாடியது. வெயிலின் பக்கமாகச் சுவர் விரிந்து கட்டடமே மெல்லச் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. அதே பதிவில் ஒரு நாள் எட்டு மில்லிமீற்றர் பாய்ச்சல் ஒன்றும் இருந்தது. பூமியதிர்ச்சி எதுவும் இல்லாத நாள் அது. பல நாள் தேடிய பின்னரே விடயம் வெளிவந்தது. பழைய அன்ரனா பழுதாகியதால் புதியதொன்றைப் பூட்டியிருக்கிறார்கள். அதன் வகையையோ உயரத்தையோ நாளையோ எவரும் எழுதிவைக்கவில்லை. பூட்டியவரைக் குறைசொல்ல மனம் வரவில்லை. திருத்தம் அனுப்பும் வேலைக்கு அது பெரிய குற்றமில்லை. நிலத்தின் நகர்வைத் தேடுபவருக்கோ அந்த எட்டு மில்லிமீற்றர் ஒரு பொய்ச் சாட்சி.

எமது குடாநாட்டுக்குக் கீழே சுண்ணக்கற்பாறை இருக்கிறது. வலிகாமத்தில் செம்மண்ணுக்குக் கீழே பல இடங்களில் மண்வெட்டி இரண்டு முறை இறங்கினால் பாறையில் தட்டும். கிணறு வெட்டியவர்கள் வாழும் ஊரில் இதை நான் விளக்கத் தேவையில்லை. வடமராட்சி கிழக்கிலோ மணல் ஆழம். அங்கே தூண் ஊன்றினால் மாரிக்கு மாரி அது தன்பாட்டில் அசையும். பாறையிலும் பொந்தும் குகையும் உண்டு. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு அது தெரியும். ஆகவே துளையிட்டுப் பார்த்து, பொந்தில்லாத இடத்தில், பாறைக்குள் இறக்கிய உருக்குக் கம்பிகளின்மேல் அன்ரனாவை நிறுத்தவேண்டும். மாரியில் கிணறுகள் நிரம்பும்போது நீரின் பாரத்தால் நிலமே சில மில்லிமீற்றர் தாழ்ந்து கோடையில் எழுவதையும் அத்தகைய தூண் காட்டக்கூடும். வங்காளதேசத்தில் வெள்ள நீரின் பாரத்தால் இந்த ஏற்ற இறக்கம் பல சென்ரிமீற்றர்வரை போகிறது.

இன்னுமொரு கரைச்சல் எமக்குச் சிறப்பாக உண்டு. புவிக்காந்த மத்தியகோடு எமக்கு மிக அருகே ஓடுகிறது. சூரியன் மறைந்த பின் அயனமண்டலம் இந்தப் பகுதியில் கொந்தளித்து, செய்மதிச் சமிக்ஞை சிமிட்டி அறுபடுவதைக் களத்தில் மாலையில் வேலை செய்த ஒவ்வொரு அளவையாளரும் கண்டிருப்பார். ஜீ.பீ.எஸ். மட்டும் வாங்கும் பழைய கருவிகளுக்குப் பதிலாக ரஷ்ய, ஐரோப்பிய, சீனச் செய்மதிகளையும் சேர்த்து வாங்கும் கருவிகளை வடக்கில் வைப்பது இதனாலேயே அவசியமாகிறது. சில சமிக்ஞைகள் அறுந்தாலும் மீதியைக் கொண்டு கணக்கு நிற்கும்.

சேமிப்பைப் பற்றியும் சொல்லவேண்டும். அரை நிமிடத்துக்கு ஒரு முறை பதிவது காணி அளவைக்கும் ஆண்டுக் கணக்கான நகர்வுக்கும் போதும். அதிர்வலை கடந்துபோகும் நிமிடங்களில் நடப்பதைப் பார்க்க விநாடிக்கு ஒரு பதிவாவது வேண்டும். 2015இல் நேபாளத்தில் 7.8 பருமன் அதிர்வு வந்தபோது, காத்மண்டுப் பகுதி ஒரு மீற்றருக்கு மேல் தெற்கே நகர்ந்து ஏறத்தாழ ஒரு மீற்றர் உயர்ந்ததை விநாடிக்கு ஐந்து பதிவு என்ற கணக்கில் அங்குள்ள நிலையங்கள் பதிந்தன. பல ஆண்டுகளுக்கு முன்னரே அவற்றை ஊன்றி வைத்திருந்தார்கள். அதிர்ந்த பிறகு ஓடிப்போய் ஊன்றும் தூணால் 'முன்னர் எங்கே இருந்தது' என்று சொல்லமுடியாது. அதிர்வுக்குப் பின்னர் ஊன்றியவற்றுக்கும் வேலை இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பேரதிர்வு ஓய்ந்த பின்னும் முறிவு மெல்ல வழுக்கிக்கொண்டிருக்கும். அதன் கீழே சூடான ஆழத்துப் பாறை பாகுபோல் ஆண்டுக்கணக்காக இளகி ஓடும். புக்கெட் 2004க்குப் பின்னும் தென்மேற்காக நகர்ந்துகொண்டே இருந்தது. தாய்லாந்தின் கரை பல ஆண்டுகள் மெல்லத் தாழ்ந்தும் வந்தது.

கரை தாழ்வது எமக்கு அயலாரின் கதையாக இருக்கக்கூடாது. கடல்மட்டம் உயர்கிறது என்று அலைமானி காட்டும்போது, கடல் உயர்ந்ததா, மானி நிற்கும் துறைமுகம் தாழ்ந்ததா என்பதை அந்த மானியே சொல்லாது. பக்கத்தில் செய்மதி வாங்கி ஒன்று நின்றால்தான் இரண்டையும் பிரிக்கலாம். தீவகத்திலும் நாவாந்துறையிலும் கடலோடு ஒட்டிய மட்டத்தில் வாழும் சனங்களுக்கு இந்தப் பிரிப்பு வெறும் ஆராய்ச்சியல்ல. வடக்கில் அலைமானி இருக்கும் இடத்தில் வாங்கியையும், வாங்கி வைக்கும் இடம் துறைமுகமானால் அலைமானியையும் சேர்த்தே திட்டமிடவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கடைசியாக, தரவைத் திறந்துவிடுவது. நெவாடாப் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகூடம் ஒன்று உலகெங்குமுள்ள பல்லாயிரம் நிலையங்களின் பதிவை நாள்தோறும் கணித்து, எந்த மாணவரும் இலவசமாக எடுத்துப் பார்க்கும்படி வைத்திருக்கிறது. எமது நிலையங்களின் மூலத் தரவையும் அவ்வாறே பொதுவில் வையுங்கள். திருத்தச் சேவைக்குக் கட்டணம் அறவிடுவதில் எனக்கு மறுப்பில்லை, அது வேறு. அன்ரனா மாறிய நாள், மின்சாரம் நின்ற நாள், அருகில் வேம்பின் கிளை தறித்த நாள் என எல்லாவற்றையும் எழுதும் நிலையப் பதிவேட்டையும் தரவோடு சேர்த்து வையுங்கள். அதைத் தமிழிலும் எழுதலாம். பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் நான் கேட்பது, உங்கள் மாணவர்களில் ஆண்டுக்கு இருவர் மூவராவது தம் சொந்த மண்ணின் நகர்வைத் தாமே கணித்துப் பட்டம் பெறட்டும் என்பதே. பல்லேகலவில் நிற்கும் பூமியதிர்ச்சிமானியின் பதிவையும் எமது தூணின் பதிவையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கும் பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அவர்களுக்குத் தரவு கிடைக்கவேண்டும்.

அல்வாயில் எனக்குச் சொந்தமான நாலு பரப்புக் காணியின் தென்கிழக்கு மூலையில் முழங்கால் ஆழத்தில் பாறை இருக்கிறது. 2019இல் கிணறு திருத்தியபோது அதை நானே அலவாங்கால் தட்டிப் பார்த்தேன். சுற்றிலும் உயரமான மரம் இல்லை. அயற்காணிப் பனைகள் வடக்கே தள்ளி நிற்கின்றன, வானம் திறந்திருக்கிறது. திணைக்களத்துக்கு அந்த மூலை பயன்படுமானால், துளையிட்டுப் பார்த்து முடிவு செய்யலாம். குத்தகை வேண்டாம். தூண் நிற்கும் காலம்வரை அந்த இடத்தில் எதுவும் கட்டுவதில்லை என்று என் பிள்ளைகளும் சேர்ந்து உறுதி எழுதித் தருவோம். என் வெளிக்களக் குறிப்பேடுகள் முப்பத்தொன்றும் வீட்டில் உள்ளன. அவற்றில் 2005இன் மணற்காட்டு அளவைகளும் உண்டு. வேண்டுமென்றால் அவற்றையும் பல்கலைக்கழக நூலகத்துக்கு ஒப்படைக்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற நில அளவையாளர் ஒருவர்,
வடமராட்சி, யாழ்ப்பாணம்.